தனியாக டிரேடிங் செய்வதா, மற்றவர்களோடு சேர்ந்தா: எந்த வேலையை யாரோடு செய்வது

பங்குச் சந்தையில் தினமும் வாங்கி விற்பவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் இரண்டு உறுதியான பதில்கள் கிடைக்கும். தனியாக உட்கார்ந்து, போனை அணைத்துவிட்டு, தன் சார்ட்டை மட்டும் பார்ப்பவனே பிழைப்பான் என்பார்கள் சிலர். நாலு பேரோடு சேர்ந்து செய்தால்தான் சந்தை புரியும், கண்ணில் படாத வாய்ப்புகளும் தெரியவரும் என்பார்கள் மற்றவர்கள். இரண்டு பதில்களும் டிரேடிங்கை ஒரே வேலையாகக் கருதுகின்றன. உண்மையில் அதற்குள் தனித்தனியான நான்கு வேலைகள் இருக்கின்றன: சந்தை திறப்பதற்கு முன் ஆயத்தம் செய்வது, ஆர்டர் போட முடிவெடுப்பது, எடுத்த பொசிஷனை (வாங்கியோ விற்றோ இன்னும் முடிக்காமல் வைத்திருப்பதை) வரம்புக்குள் வைத்திருப்பது, முடிந்த பிறகு கணக்குப் பார்ப்பது. ஆர்டர் போடும் முடிவைத் தனியாக எடுக்க வேண்டும். வரம்பைக் காப்பதையும் கணக்குப் பார்ப்பதையும் இன்னொருவரின் துணையோடு செய்ய வேண்டும் என்பதே என் கருத்து. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வாங்கும்போது கூட்டத்தோடு சேர்ந்து வாங்குகிறார்கள்; நஷ்டத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் தனியாகச் சுமக்கிறார்கள்.

இது சாதாரணமாகக் கடந்துபோகக்கூடிய விஷயமில்லை. 2024 செப்டம்பரில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி வெளியிட்ட ஆய்வின்படி, 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ எனப்படும் பங்கு முன்பேரச் சந்தையில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை இழந்திருக்கிறார்கள். அவர்களின் மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்பவர்களைப் பற்றி அதே ஆண்டு ஜூலையில் வந்த இன்னோர் ஆய்வு, 2022-23இல் அவர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டமடைந்ததாகச் சொன்னது. தனியாகவா, சேர்ந்தா என்ற ஏற்பாட்டைச் சரிசெய்துவிட்டாலே லாபம் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டங்களில் ஒரு பெரும் பகுதி இந்த ஏற்பாட்டில் உள்ள குறையால் வருகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆகவே, சொந்தப் பணத்தில், இழந்தாலும் வீடு நடக்கும் என்ற அளவுக்குள் டிரேடிங் செய்பவர்களுக்காகவே இந்த வழிகாட்டி. கடன் வாங்கிச் செய்பவர்கள் தனியாகச் செய்தாலும் கூட்டாகச் செய்தாலும் நிறுத்திவிடுவதே நல்லது.

கூட்டம் முடிவை எப்படி மாற்றுகிறது

ஒரு காலத்தில் தனியாக டிரேடிங் செய்ய வழியே இருக்கவில்லை. மும்பை பங்குச் சந்தையில் 1995இல் கணினி முறை வரும்வரை, வளாகத்துக்குள் கூடி நின்று கையசைத்தும் கூவியும்தான் பேரம் முடிந்தது. சென்னையில் செகண்ட் லைன் பீச்சில் இயங்கிய பங்குச் சந்தையிலும், அதன் பிறகு நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு வந்த தரகு அலுவலகங்களிலும் வாடிக்கையாளர்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தே விலையைப் பார்த்தார்கள். இன்று ஆள் தனியாகத்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் கையில் உள்ள போனில் நான்கைந்து வாட்ஸ்அப் குழுக்களும் டெலிகிராம் சேனல்களும் யூடியூப் நேரலையும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எனவே தன்னைத் தனி டிரேடர் என்று நினைப்பவர்களில் பலர் உண்மையில் ஒரு பெரிய கூட்டத்தின் நடுவே இருக்கிறார்கள். அன்றைய தரகு அலுவலகத்தில் பக்கத்தில் இருப்பவர் யார், எவ்வளவு போட்டார், போன மாதம் எவ்வளவு இழந்தார் என்பது தெரியும். இன்றைய கூட்டத்தில் அதுவும் தெரிவதில்லை.

கூட்டம் ஒருவரின் கண்ணையே மாற்றிவிடும் என்பதை அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் காட்டினார். வெவ்வேறு நீளமுள்ள கோடுகளில் எது மாதிரிக் கோட்டுக்குச் சமம் என்று கேட்டார். பதில் வெளிப்படையானது. அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும், முன்கூட்டியே சொல்லிவைத்தபடி, தவறான பதிலையே சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை அந்தத் தவறான பதிலோடு சேர்ந்துகொண்டார்கள். கண்முன் இருக்கும் கோட்டுக்கே இந்த நிலை என்றால், அடுத்த பதினைந்து நிமிடத்தில் நிஃப்டி என்ற சந்தைக் குறியீட்டெண் எங்கே போகும் என்பது போன்ற யாருக்கும் தெரியாத கேள்வியில் கூட்டத்தின் இழுப்பு எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. அறையில் ஒரே ஒருவர் உண்மையான பதிலைச் சொன்னாலும் இந்த இழுப்பு கால் பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டது. துணை என்று ஒருவரைத் தேடும்போது இந்த முடிவை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சந்தைக்கு நேராகப் பொருந்தும் ஆய்வுகளும் உண்டு. கலிஃபோர்னியாப் பேராசிரியர்களான பிராட் பார்பரும் டெரன்ஸ் ஓடீனும், 1991 முதல் 1997 தொடக்கம் வரை ஒரு தரகு நிறுவனத்தில் கணக்கு வைத்திருந்த 166 முதலீட்டுச் சங்கங்களின் கணக்குகளை ஆராய்ந்தார்கள். நண்பர்கள் மாதம் ஒரு முறை கூடிப் பேசி, எந்தப் பங்கை வாங்குவது என்று சேர்ந்து முடிவெடுக்கும் சங்கங்கள் அவை. சந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 18 சதவீதம் ஈட்டிய காலத்தில் சராசரிச் சங்கம் 14.1 சதவீதம்தான் ஈட்டியது. தனியாக முதலீடு செய்தவர்களைவிடவும் குறைவு. ராலி ஹைமர் என்ற பொருளாதார ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட நுட்பமானது. அந்நியச் செலாவணி வணிகம் செய்யும் தனிநபர்கள், தம் டிரேடுகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளும் ஓர் இணைய வலையமைப்பில் சேர்ந்த பிறகு, லாபத்தை அவசரமாக எடுத்துவிட்டு நஷ்டத்தைப் பிடித்துத் தொங்கும் பழக்கம் அவர்களிடம் ஏறத்தாழ இரண்டு மடங்கானது. காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. லாபத்தைப் புக் செய்தால் உடனே நாலு பேரிடம் சொல்லலாம். நஷ்டத்தை மூடாமல் வைத்திருக்கும்வரை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

நம் சந்தையில் இதை எல்லோரும் பார்த்த ஒரு நிகழ்வு உண்டு. 2024 ஜூன் 1 மாலை மக்களவைத் தேர்தலின் வாக்குக் கணிப்புகள் வெளியாயின. ஜூன் 3 திங்களன்று நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள் வாக்கு எண்ணிக்கையின்போது ஏறத்தாழ 6 சதவீதம் இறங்கியது. திங்கள் மாலை எந்தக் குழுவில் பார்த்தாலும் ஒரே குரல்தான் கேட்டது. அந்த ஒருமித்த குரலை நம்பி வழக்கத்தைவிடப் பெரிய பொசிஷன் எடுத்தவர்களுக்கே அடி பலமாக விழுந்தது. கணிப்பு பொய்த்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. கணிப்பு யாருக்கும் பொய்க்கலாம். எல்லோரும் ஒன்றையே சொல்கிறார்கள் என்பதால் எடுக்கும் அளவைக் கூட்டியதுதான் பிழை.

தனிமை எங்கே ஆபத்தாகிறது

இவ்வளவையும் படித்துவிட்டுத் தனிமையே பாதுகாப்பு என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 1995 பிப்ரவரியில் பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி வீழ்ந்தது. 1762இல் தொடங்கிய அந்த வங்கியைச் சிங்கப்பூரில் இருந்த நிக் லீசன் என்ற ஒரே டிரேடரின் 827 மில்லியன் பவுண்டு நஷ்டம் சாய்த்துவிட்டது. அங்கே வாங்கி விற்பவரும் அவரே, அந்த வணிகத்தின் கணக்கை முடித்துச் சரிபார்க்கும் பிரிவுக்குப் பொறுப்பாளரும் அவரே. நஷ்டங்களை 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் மறைத்துவைத்து, மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கையில் மேலும் மேலும் பெரிதாக எடுத்தார். இதை வங்கி மோசடியாக மட்டும் படிக்கிறோம். வீட்டில் தனியாக டிரேடிங் செய்யும் ஒவ்வொருவரின் அமைப்பும் இதேதான்: ஆர்டர் போடுபவரும் அவரே, கணக்குப் பார்ப்பவரும் அவரே, நிறுத்து என்று சொல்ல வேண்டியவரும் அவரே.

தனியாக இருப்பவரிடம் இது சின்னச் சின்ன வடிவங்களில் வெளிப்படும். போட்ட ஸ்டாப்லாஸை (நஷ்டத்தை நிறுத்த முன்பே குறித்த வெளியேறும் விலையை) விலை நெருங்கும்போது பத்து ரூபாய் கீழே தள்ளிவைப்பார். இறங்கும் பங்கை மேலும் வாங்கி ஆவரேஜ் செய்வார். அன்றைக்கென்று வைத்த பொசிஷனை நஷ்டம் காரணமாக நாளைக்கு என்று மாற்றிக்கொள்வார். மதியம் இரண்டு மணிக்கு மேல், காலையில் விட்டதை எடுத்துவிட வேண்டும் என்று இரட்டை லாட் (லாட் என்பது எஃப் அண்ட் ஓவில் ஒரு முறை வாங்கக்கூடிய குறைந்தபட்ச அளவு) போடுவார். இவை எல்லாம் அறியாமையால் நடப்பவை அல்ல. செய்யக் கூடாது என்று அவருக்கே நன்றாகத் தெரியும். பக்கத்தில் ஓர் ஆள் இல்லாததால் நடக்கின்றன. பெரிய நிறுவனங்களின் டிரேடிங் அறைகளில் இடர்ப் பொறுப்பாளர் என்று ஒருவர் இருப்பார். அவருக்குச் சந்தை ஏறுமா இறங்குமா என்பது பற்றி அக்கறை இல்லை. இன்ன அளவைத் தாண்டிவிட்டது, மூடு என்பார். டிரேடர் மூட வேண்டும். வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லாத முக்கிய வசதி இதுதான். கிடைத்தற்கரிய தகவலோ வேகமான கணினியோ அதற்கு அடுத்தபடிதான்.

முதலில் உங்கள் சொந்தக் கணக்கைப் பாருங்கள்

யாரோடு சேர்வது என்று யோசிப்பதற்கு முன், இப்போது நீங்கள் உண்மையில் தனியாகத்தான் செய்கிறீர்களா என்று பார்த்துவிட வேண்டும். தரகு நிறுவனத்தின் தளத்தில் கடந்த மூன்று மாதங்களின் டிரேடு புத்தகத்தை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிரேடுக்கும் எதிரே ஒரு புதிய கட்டத்தில், அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். நீங்களே முந்தின இரவு அல்லது காலையில் எழுதிவைத்திருந்தால் ஒரு குறி. யாரோ சொல்லியோ, குழுவில் பார்த்தோ, நேரலையில் கேட்டோ எடுத்திருந்தால் வேறு குறி. நினைவில் இல்லாததைக் கேட்டு எடுத்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். தரகு, எஸ்.டி.டி. எனும் பங்குப் பரிவர்த்தனை வரி, ஜி.எஸ்.டி. உள்ளிட்ட எல்லாச் செலவும் போன பிறகு நிற்கும் தொகையையே எழுத வேண்டும். அது, தரகு நிறுவனம் அன்றன்று அனுப்பும் கணக்குச் சீட்டான காண்ட்ராக்ட் நோட்டில் இருக்கும்.

ஒருவரின் புத்தகத்தில் 80 டிரேடுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் 50 அவருடைய சொந்த எண்ணம். அதில் 22 லாபம், சராசரி 1,800 ரூபாய். 28 நஷ்டம், சராசரி 1,100 ரூபாய். கேட்டு எடுத்தவை 30; அதில் 16 லாபம், சராசரி 900 ரூபாய்; 14 நஷ்டம், சராசரி 2,300 ரூபாய். சொந்த டிரேடுகளில் பாதிக்குக் குறைவாகவே ஜெயித்திருக்கிறார், ஆனாலும் 8,800 ரூபாய் மிச்சம். கேட்டு எடுத்தவற்றில் பாதிக்கு மேல் ஜெயித்திருக்கிறார், ஆனால் 17,800 ரூபாய் போய்விட்டது. மொத்தத்தில் 9,000 ரூபாய் நஷ்டம் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். குழு சொல்வது பெரும்பாலும் சரியாக வருகிறது என்ற எண்ணமும் மனத்தில் இருக்கும். அவர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். அடுத்தவர் எப்போது வாங்குவது என்று சொல்கிறார்; எப்போது வெளியேறுவது என்பதை அவர் சொல்வதற்குள் விலை போய்விடுகிறது, அல்லது அவர் சொல்வதே இல்லை. ஏன் வாங்கினோம் என்பது தெரியாததால், அந்தக் காரணம் எப்போது பொய்த்தது என்பதும் தெரிவதில்லை. அதனால் ஏறும்போது பயந்து சீக்கிரம் விற்கிறோம். இறங்கும்போது அடுத்த செய்திக்காகக் காத்திருக்கிறோம்.

உங்கள் எண்கள் இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். சொந்த எண்ணங்களில் சீராக நஷ்டம், கேட்டவற்றில் லாபம் என்று வந்தால், உங்கள் முறையைத்தான் முதலில் பழுதுபார்க்க வேண்டும். அதுவரை ஒரு லாட்டுக்கு மேல் போடாதீர்கள்; கேட்டு எடுத்ததில் வந்த லாபத்தை உங்கள் திறமையாகவும் எண்ணிக்கொள்ளாதீர்கள். சொல்பவர் நிறுத்திவிட்டால் அந்த வருமானமும் அன்றே நின்றுவிடும்.

துணையைத் தேர்வதும் வேலையைப் பிரிப்பதும்

குழு வேண்டாம், முதலில் ஒருவர் போதும், மிஞ்சினால் மூவர். பத்துப் பேர் சேர்ந்தால் அவர்களில் ஒருவரேனும் எப்போதும் ஜெயித்துக்கொண்டிருப்பார்; மற்ற ஒன்பது பேரின் கண்ணும் அவர்மேல் போய்விடும். உங்களைவிட மிகப் பெரிய தொகையில் செய்பவரைத் தவிர்ப்பது நல்லது. அவருக்கு 20,000 ரூபாய் சாதாரண நஷ்டம், உங்களுக்கு அது ஒரு மாதச் சம்பளம். அவர் பதற்றமில்லாமல் இருப்பதைப் பார்த்து நீங்களும் இருந்துவிடுவீர்கள். அதே பங்குகளை அதே முறையில் செய்பவரைவிட, கொஞ்சம் வேறு முறையில் செய்பவர் மேல். நீங்கள் ஆப்ஷன் எழுதுபவர் (ஆப்ஷன் ஒப்பந்தங்களை விற்பவர்) என்றால், பங்குகளை இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து விற்பவர் நல்ல துணை. உங்கள் பொசிஷனில் அவருக்கு ஆசையும் இருக்காது, பயமும் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் நஷ்டத்தை எண்ணாகச் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். பழகத் தொடங்கிய ஒரு மாதத்தில் அவர் வாயிலிருந்து ஒரு நஷ்டக் கணக்குகூட வரவில்லை என்றால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த வேலைக்கு ஏற்றவரல்ல.

காலையில், சந்தை 9:15க்குத் திறப்பதற்குள், ஒருவருக்கொருவர் ஒரே ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அது இப்படி இருக்கலாம்: “இந்தப் பங்கு 1,400க்கு மேல் 15 நிமிட கேண்டில் முடிந்தால் வாங்குவேன். 1,386 உடைந்தால் வெளியேறுவேன். 70 பங்கு. போனால் 980 ரூபாய். இன்று மொத்தம் 2,500 ரூபாய் போனால் மூடிவிடுவேன்.” (15 நிமிட கேண்டில் என்பது சார்ட்டில் 15 நிமிட விலை நகர்வைக் காட்டும் கட்டம்.) காரணம், கருத்து, உலகச் சந்தை நிலவரம் எதுவும் தேவையில்லை. நுழையும் நிபந்தனை, வெளியேறும் விலை, அளவு, அன்றைய உச்ச நஷ்டம் ஆகிய நான்கும் இருந்தால் போதும். செய்தி வந்தவர் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது; பெற்றுக்கொண்டதற்கு ஒரு குறி போதும். நல்ல ஐடியா என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்த டிரேடு அதன்பின் இரண்டு பேரின் கௌரவம் சார்ந்ததாகிவிடும். 1,386இல் வெளியேறுவது இன்னும் கடினமாகும்.

9:15 முதல் 3:30 வரை திசையைப் பற்றிப் பேச்சே கூடாது. ஏறுமா, இறங்குமா, நீங்கள் எடுத்தீர்களா, நானும் எடுக்கட்டுமா என்பவை எல்லாம் மாலைக்கு. பகலில் துணைக்கு ஒரே ஓர் உரிமை உண்டு: எழுதிய வரம்பு தாண்டியிருந்தால் கேட்பது. “அண்ணே, 1,386 உடைஞ்சிருச்சே, வெளிய வந்துட்டீங்களா?” என்ற கேள்விக்கு “வந்துட்டேன் தம்பி” அல்லது “இல்லை” என்பதுதான் பதிலாக இருக்க வேண்டும். “இல்லை, இது திரும்பிடும் பாரு” என்று தொடங்கினால், “சாயந்திரம் பேசலாம்ணே, இப்ப முடிச்சிருங்க” என்று சொல்லும் தைரியம் தம்பிக்கு வேண்டும். அதைக் கேட்கும் மனம் அண்ணனுக்கும் வேண்டும். வயதிலோ அனுபவத்திலோ மூத்தவரிடம் இப்படிச் சொல்ல நம்மில் பலருக்கு வாய் வராது. ஆகவே இந்த உரிமையை முதல் நாளே வாய்விட்டுப் பேசி, இருவரும் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். துணை வேலையில் இருக்கும்போது கேட்க முடியாதே என்றால், சில தரகு நிறுவனங்களின் செயலிகளில் உள்ள கில் ஸ்விட்ச் வசதியைப் பயன்படுத்தலாம். அன்றைய நஷ்ட வரம்பு தொட்டதும் கையிலுள்ளவற்றை முடித்துவிட்டு அதை அழுத்தினால், அதன்பின் அந்தப் பிரிவில் சில மணி நேரம் ஆர்டர் போட முடியாது. அழுத்திவிட்டேன் என்ற ஒரு சொல்லைத் துணைக்கு அனுப்பிவிட்டால் போதும்.

மாலை உரையாடலுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தினமும் பேச முடியாவிட்டால் வாரத்துக்கு ஒரு நாள், வெள்ளி மாலையோ சனிக்கிழமையோ, காண்ட்ராக்ட் நோட்டை எதிரில் வைத்துக்கொண்டு பேசலாம். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதில் ஒருவர் காட்ட விரும்பும் டிரேடு மட்டுமே இருக்கும். காலைச் செய்தியையும் காண்ட்ராக்ட் நோட்டையும் பக்கத்தில் வைத்து, சொன்னதற்கும் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் பாருங்கள். 1,386 என்று எழுதியவர் 1,371இல் வெளியேறியிருந்தால், அந்த 15 ரூபாய் வேறுபாடும் அதன் காரணமும்தான் அன்றைய பேச்சு. 1,386இல் வெளியேறிய பிறகு பங்கு 1,430க்குப் போயிருந்தாலும் அது சரியாகச் செய்த டிரேடு என்றே குறிக்க வேண்டும். லாபத்தில் முடிந்திருந்தாலும் எழுதாமல் எடுத்தது என்றால் தவறாகச் செய்ததாகவே குறிக்க வேண்டும். இரண்டாவது விதியைக் கடைப்பிடிப்பது எளிதல்ல. லாபம் பார்த்தவரிடம் நீ செய்தது தவறு என்று சொல்ல எந்த நண்பருக்கும் மனம் வராது. ஆனாலும் இந்த ஏற்பாட்டின் பலன் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டில் உள்ளவர்களைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். மனைவிக்கோ கணவருக்கோ சார்ட் தெரிய வேண்டியதில்லை. மாதத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்ற ஒரே எண் தெரிந்திருக்க வேண்டும். மாத முடிவில் எவ்வளவு போனது அல்லது வந்தது என்ற இன்னோர் எண்ணும் தெரிய வேண்டும். நம் ஊரில் பல குடும்பங்களுக்கு இந்த விஷயம் தெரியவரும்போது நகை அடகுக்குப் போயிருக்கும். சந்தை அறிவே இல்லாத ஒருவரிடம் மாதம் ஒரு முறை ஓர் எண்ணைச் சொல்ல வேண்டியிருப்பது, நிபுணர்கள் நிறைந்த குழுவைவிடப் பெரிய காவல் என்று நான் நம்புகிறேன்.

அலுவலகம், குழு, கட்டணச் சேனல்

ஒரே அறையில் பலர் உட்கார்ந்து செய்வது எப்போதும் தவறில்லை. 1983இன் முடிவில் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸும் வில்லியம் எக்ஹார்ட்டும், அனுபவமில்லாத சிலரைத் தேர்ந்து, இரண்டு வாரம் விதிகளைக் கற்றுக்கொடுத்து, ஆளுக்கொரு கணக்கும் பணமும் கொடுத்து உட்காரவைத்தார்கள். விதி ஒன்று, அலுவலகம் ஒன்று. ஆர்டர் மட்டும் அவரவருடையது. ஒரே விதியைக் கற்றவர்களுக்கும் பலன் ஒரே அளவில் கிடைக்கவில்லை. விதிப்படி வந்த டிரேடை யார் விடாமல் எடுத்தார் என்பதில் வேறுபாடு இருந்தது. கற்கும் காலத்தில் அப்படிப்பட்ட ஒரு மேசை கிடைத்தால் போய் உட்காரலாம். அங்கே அனுபவசாலியின் சார்ட்டைப் பார்ப்பதைவிட, அவர் ஆர்டர் போடாமல் விடும் நேரங்களைக் கவனியுங்கள். நஷ்டமான பிறகு அடுத்த ஆர்டரின் அளவு என்ன ஆகிறது என்பதைக் கவனியுங்கள். வீட்டிலிருந்து கற்க முடியாதவை இவை.

ஆனால் நம் ஊரில் டிரேடிங் டெஸ்க் என்ற பெயரில் இயங்கும் எல்லா இடங்களும் அப்படிப்பட்டவை அல்ல. சேருமுன் கேட்க வேண்டியவை சில. கணக்கு யார் பெயரில்? முன்பணம் கேட்கிறார்களா? நஷ்டம் யாருடையது? காண்ட்ராக்ட் நோட் வருமா? உங்கள் பெயரில் டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) இல்லாமல், ஒரு ஐடியும் கடவுச்சொல்லும் மட்டும் கொடுத்து, வாரக் கடைசியில் ரொக்கமாகக் கணக்குத் தீர்க்கிறார்கள் என்றால், அந்த ஆர்டர்கள் சந்தைக்கே போவதில்லை. இதற்கு டப்பா டிரேடிங் என்று பெயர். 1956ஆம் ஆண்டுப் பத்திர ஒப்பந்த ஒழுங்குமுறைச் சட்டப்படி குற்றம். அங்கே நீங்கள் ஜெயித்தாலும் பணம் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. புகார் கொடுக்கவும் இடமில்லை.

நண்பர்களுக்குள்ளேயே பணத்தைச் சேர்த்து, ஒருவரின் கணக்கில் போட்டு, அவர் செய்யட்டும் என்று விடுவது இன்னொரு பழக்கம். பிறர் பணத்தைத் தம் விருப்பப்படி நிர்வகிக்கும் தொழிலுக்குச் செபியின் பதிவு வேண்டும். பதிவு பெற்ற போர்ட்ஃபோலியோ மேலாளரே ஒரு வாடிக்கையாளரிடம் 50 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக வாங்கக் கூடாது. சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், நஷ்டத்தில் முடிந்த அத்தகைய கூட்டுகளில் பணத்தோடு உறவும் போய்விடுகிறது. கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் மைத்துனருக்குக்கூடக் கொடுக்காதீர்கள்.

கட்டணம் வாங்கிக்கொண்டு கால் எனப்படும் வாங்கு-விற்பனைப் பரிந்துரை கொடுக்கும் சேனல்களைப் பொறுத்தவரை, முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வாளர்களின் எண் ஐ.என்.ஹெச். என்றும் ஆலோசகர்களின் எண் ஐ.என்.ஏ. என்றும் தொடங்கும், செபியின் தளத்தில் பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பதிவு இருப்பது லாபத்துக்கு உத்தரவாதமல்ல. தவறு நடந்தால் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார்த் தளத்தில் புகார் செய்ய ஒரு முகவரி இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். பதிவில்லாத சேனலில், தினமும் சில ஆயிரம் பங்குகள் மட்டுமே கைமாறும் ஒரு சிறு நிறுவனத்தின் பெயர் வந்தால் அதைத் தொடவே வேண்டாம். சொல்பவர் முன்பே வாங்கிவைத்திருப்பார். சேனலில் உள்ளவர்கள் பாய்ந்து வாங்கும்போது விலை ஏறும். அந்த ஏற்றத்தில் அவர் விற்பதை வாங்குபவர் நீங்கள்தான். பிறகு கீழ்ச் சுற்று வரம்பில் (ஒரு நாளில் விலை இறங்க அனுமதிக்கப்பட்ட எல்லையில்) விற்க ஆளிருக்கும், வாங்க ஆளிருக்காது. குழுவில் தினமும் நன்றி சொல்லி லாபத்தைக் காட்டும் நூறு பேரில் பெரும்பாலோர் சேனல் நடத்துபவர்களே உருவாக்கிய போலி போன் எண்களாக இருக்கக்கூடும். அந்தக் குழு தரும் இணைப்பில் ஒரு புதிய செயலியை நிறுவி, யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால், அது நேரடியான திருட்டு. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற இணையவழி மோசடிக்கான உதவி எண்ணை அழையுங்கள்.

நிறுவனத்துக்குள் வேலை செய்யும் நண்பர், காலாண்டு முடிவு வருமுன்பே எண்களைச் சொன்னால் அதை வைத்து டிரேடு செய்வதும் குற்றமே. சொன்னவரும் செய்தவரும் உள்தகவல் வணிகத் தடை விதிகளின்கீழ் வருவார்கள். இப்படிப்பட்ட செய்தி குழுவில் வந்தால் அந்தப் பங்கை அன்று தொடாமல் விடுவதோடு, அந்தக் குழுவிலிருந்தும் விலகிவிடுங்கள்.

ஏற்பாட்டை மூன்று மாதம் நடத்திப் பார்த்துவிட்டு, பழைய டிரேடு புத்தகத்தில் செய்தது போலவே மறுபடி குறித்துப் பாருங்கள். கேட்டு எடுத்த டிரேடுகளின் எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும். எழுதிய வெளியேறும் விலைக்கும் உண்மையில் வெளியேறிய விலைக்கும் உள்ள இடைவெளியும் சுருங்கியிருக்க வேண்டும். மொத்தத் தொகையை இந்தக் கட்டத்தில் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாதச் சந்தை யாருக்கும் சாதகமாகவோ பாதகமாகவோ அமைந்துவிடலாம். இரண்டும் மாறவில்லை என்றால் துணை கேட்கத் தயங்குகிறார், அல்லது நீங்கள் சொல்லத் தயங்குகிறீர்கள்; அதைப் பேசித் தீர்க்க முடியாவிட்டால் நட்பை வைத்துக்கொண்டு துணையை மட்டும் மாற்றுங்கள். துணை உங்களிடம் கைமாற்றுக் கேட்கத் தொடங்கினாலோ, காலைச் செய்திகள் வராத நாட்கள் கூடினாலோ, அவர் எங்கோ வரம்பு மீறிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். பணம் கொடுக்காதீர்கள், நேரில் போய்ப் பேசுங்கள், அன்றைய காண்ட்ராக்ட் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள், அவர் வீட்டாருக்கும் தெரியட்டும். விட மனமில்லாத பழைய குழுக்கள் இருந்தால் அவற்றைக் காலை 9 மணி முதல் 3:30 வரை மியூட்டில் போட்டுவிட்டு, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திறந்து படிக்கலாம்.